நெட்டைக்காலி என்று நான் எழுதிய குருவி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசினேன். பேச்சில் பாதி விட்டுப்போயிற்று, அதனால் எழுதியும் தருகிறேன். தொலைநோக்கியை எப்படிப் பிடிப்பது, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தர ஆட்கள் இருக்கிறார்கள். பறவைக் கணக்கெடுப்பு வேலையில் நான் செய்த பெரிய பிழை ஒன்று உண்டு. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

என் சொந்த ஊர் போடி. அப்பா மலைக்கு ஜீப் ஓட்டினார். விடியும் முன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய், பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்குவார். பொட்டிபுரம் பக்கத்துப் பாறைக் கரடுகளும் குரங்கணிப் பாதையும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது என்று இப்போது நினைக்கிறேன். தெரியாத ஊருக்குப் போனால் கண்ணை விரித்துப் பார்ப்போம். சொந்த ஊரில் பார்க்காமலே தெரியும் என்று நினைத்துக்கொள்வோம்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். மரம் நடும் அறக்கட்டளை ஒன்று எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வேலை கொடுத்தது. போடிக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு சரிவு. ஊர்ப் பொதுநிலம். இடுப்பளவு புல், நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக உசிலை, குடைவேல் மரங்கள். அடிவாரத்தில் ஓர் ஓடை. அந்தச் சரிவு முழுவதும் நெருக்கமாகக் குழி வெட்டி மரக்கன்று நடப்போகிறார்கள். அதற்கு முன் அங்கே என்னென்ன பறவைகள் இருக்கின்றன, நட்டால் அவற்றுக்குப் பாதிப்பு உண்டா என்று நாங்கள் எழுதித் தர வேண்டும்.

நானும் செல்வமும் போனோம். செல்வம் என்னைவிட ஆறு வயது இளையவன், கூட வேலை பார்த்தவன், நல்ல கண். சித்திரைக் கடைசி. வழியில் வண்டி மக்கர் பண்ணியதால் சரிவுக்குப் போய்ச் சேரும்போதே மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. காய்ந்த ஊசிப்புல் காலுறையில் ஏறிக் குத்தியது. ஓடையோரத்து வயலில் ஒரு பழுப்புக் குருவி வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. வயல் நெட்டைக்காலி. சந்தேகமே இல்லை. கொஞ்சம் மேலே ஏறினோம். புல்லுக்குள்ளிருந்து அதே மாதிரிப் பழுப்பில், கோடு கோடாக, நாலைந்து குருவிகள் எழுந்து தள்ளிப் போய் விழுந்தன. செல்வம் ஒரு படம் எடுத்தான், அது கலங்கலாக வந்தது. கீழே பார்த்ததுதான் மேலேயும் இருக்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

நாங்கள் அங்கே இருந்தது நாற்பது நிமிடம்.

அறிக்கையில் இப்படி எழுதினேன்: "இச்சரிவில் வாழும் தரைப்பறவை வயல் நெட்டைக்காலி மட்டுமே. இது உழுத நிலத்திலும் வாழக்கூடியது. மரம் நட்டால் அருகிலுள்ள வயல்களுக்கு இடம்பெயர்ந்துகொள்ளும்." கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. மறந்தும் போயிற்று.

ஆடி மாதம் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, சரிவு நெடுகச் சுண்ணாம்பால் புள்ளி வைத்திருந்தார்கள். ஆவணியில் குழி வெட்ட இயந்திரம் வரும் என்றார்கள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். பெயர் பேச்சியம்மாள். ஏறக்குறைய என் வயதுதான். அறிக்கை எழுதிய அலுவலகத்து ஆள் நான் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். இங்கே என்ன குருவி இருக்கிறதென்று எழுதினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். வயலில் ஓடுமே அந்தக் குருவியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அது வேற, இது வேற தாயி," என்றாள். "ஆடு பத்திக்கிட்டுப் போகையில ரெண்டும் காலடியில இருந்துதான் எந்திரிக்கும். வயக்காட்டுக் குருவி எட்டப் போயித் தரையிலயே எறங்கிரும். இது கொஞ்ச நேரங்கழிச்சு உசிலை மரத்துக்குப் போயிரும். அங்கன உக்காந்துதான் கத்தும்."

அது என்ன குருவி என்று கேட்டேன். பேரெல்லாம் தெரியாது என்றாள்.

நான் சிரித்து வைத்தேன். அவளுக்கு அந்தச் சரிவு வேண்டும். கன்று நட்டால் வேலி போடுவார்கள், ஆட்டை விட முடியாது. அதற்காக ஏதோ சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவளும் அதை மறைக்கவில்லை. நான் கிளம்பும்போது அவளே சொன்னாள்:

"குருவிக்காகச் சொல்லல. ஆட்டுக்காகத்தான் சொல்றேன். ஆனா குருவி அப்படித்தான் செய்யும்."

போடி பேருந்து நிலையம் வரும்வரை அந்தப் பேச்சு எனக்குள் ஒன்றும் செய்யவில்லை. பஸ்சில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறுத்தியது. மரத்தில் ஏறும் நெட்டைக்காலி ஒன்று உண்டு. ஆனால் அது குளிர்காலத்துக்கு வரும் விருந்தாளி, சித்திரைக் கடைசியிலும் ஆடியிலும் இங்கே இருக்காது. அப்படியானால் நான் பார்த்தது எது? பார்த்ததை நினைத்துப் பார்க்க முயன்றேன். வால் நீளமா, குட்டையா? தெரியவில்லை. அலகு மெல்லியதா, தடித்ததா? அதுவும் தெரியவில்லை. நிறம் மட்டும்தான் நினைவிருந்தது. புல்லில் வாழும் குருவிகளில் பாதி அந்த நிறம்தான்.

அலுவலகத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கெல்லாம் அந்தச் சரிவில் போய் உட்கார்ந்தேன். ஆடிக் காற்று எட்டு மணிக்கு மேல்தான் கிளம்பும், அதுவரை அமைதியாக இருக்கும் என்று பேச்சியம்மாள் சொல்லியிருந்தாள். அவளும் வந்தாள். ஆட்டைக் கீழே விட்டுவிட்டு, பேசாமல் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் உசிலை உச்சியிலிருந்து மெல்லிய, கம்பியை இழுப்பது போன்ற ஒரு சத்தம் வந்தது. குருவி அங்கே இருந்தது. கட்டையான உடம்பு, குட்டை வால், தடித்த அலகு. திடீரென்று மேலே எழும்பியது. ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம், அவ்வளவுதான். அப்புறம் இறக்கையை விறைப்பாகத் தூக்கிப் பிடித்து, காலைத் தொங்கவிட்டு, கத்திக்கொண்டே மெதுவாக இறங்கிப் பழைய கிளையிலேயே உட்கார்ந்தது. இறக்கை விரிந்தபோது செங்கல் நிறம் தெரிந்தது. நெட்டைக்காலி இல்லை. புதர் வானம்பாடி. பறவைக் கையேட்டைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

குருவி தெரிந்துவிட்ட சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. இதைப் பற்றி நான் எழுதிய மூன்று வரியும் பொய் என்பதுதான் மனதில் ஓடியது.

அன்றும் மறுநாளும் உட்கார்ந்தேன். அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகும் விடுமுறை நாள்களில் நாலு காலை போனேன். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த ஆறு காலையில் கற்றுக்கொண்டதுதான். பெயர் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அந்தக் குருவி இரை தேடியது புல் அடர்ந்த இடத்தில் இல்லை. தூருக்குத் தூர் இடைவெளி விட்டு, நடுவே மண் தெரியும் இடத்தில். பாடியதோ மரத்தில். கூடு கட்டியது புல்தூரின் அடியில். மேலே கூரை போலப் புல்லை வளைத்து, பக்கவாட்டில் வாசல் வைத்திருந்தது. பேச்சியம்மாள் கையை நீட்டிக் காட்டியிராவிட்டால் நான் மிதித்திருப்பேன். அதற்குப் புல்லும் வேண்டும், மரமும் வேண்டும், மரங்களுக்கு நடுவே நல்ல இடைவெளியும் வேண்டும். நெருக்கமாகக் கன்று நட்டு நிழல் கவிந்தால் புல் போய்விடும். குருவி வயலுக்கு இடம்பெயராது. இருக்காது, அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அதிகம் பேசாத மனிதர். ஓய்வு பெற்றுவிட்டார். பெயர் போடுவதை விரும்பமாட்டார். முழுதும் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். இந்தக் குருவி அரிதா? இல்லை ஐயா, பல இடங்களில் இருக்கிறது என்றேன். அப்படியானால் எதற்காக அவர்கள் வேலையை நிறுத்த வேண்டும்?

அவர் கோபப்படவில்லை. பதில் கிடைத்ததும் எழுதிக்கொண்டு வாருங்கள், இயந்திரம் வருவதற்கு முன்னால் என்றார்.

வெளியே வந்ததும் செல்வம் கூடவே வந்தான். அந்தக் கலங்கல் படத்தைக் கணினியில் திறந்து வைத்திருந்தான். கல்லுக்கரட்டில் வாழும் நீள அலகு நெட்டைக்காலி என்று ஒரு குருவி உண்டு, நம் மாவட்டத்தில் பார்த்ததாகப் பெரிதாகப் பதிவில்லை. படத்தில் இருப்பது எதுவாகவும் இருக்கலாம்.

"அக்கா, இதுதான்னு எழுதிருங்க," என்றான். "யாரும் இல்லேன்னு சொல்ல முடியாது. நாளைக்கே வேலை நின்னுரும். புல்லும் பொழைக்கும், அந்தம்மா ஆடும் பொழைக்கும்."

அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் அந்தச் சரிவு மேல் அக்கறை இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது வசதியாகவும் இருந்தது. முதலில் பொதுவான குருவி என்று எழுதினோம், பிறகு அரிய குருவி கிடைத்தது என்றால் அது பிழை இல்லை, கண்டுபிடிப்பு. என் மானமும் தப்பிக்கும். மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் என்னைத் தடுத்தது பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. முதல் தடவையும் நான் இதைத்தான் செய்தேன் என்று பட்டது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினேன். இப்போதும் பார்க்காததைத்தான் எழுதப்போகிறேன். நோக்கம் மட்டும் வேறு. செல்வத்திடம் வேண்டாம் என்றேன். சரிக்கா என்று படத்தை மூடிவிட்டான்.

தலைவரின் கேள்விக்குப் பதில் எழுதும்போதுதான் கிடைத்தது. குருவி அரிதில்லை. ஆனால் அது சும்மா அங்கே இல்லை. அந்த நிலம் என்ன நிலம் என்பதற்கு அது சாட்சி. அறக்கட்டளைக்காரர்கள் அந்தச் சரிவை அழிந்துபோன காடு என்று நினைத்தார்கள், மரம் நட்டால் காடு திரும்பும் என்று நம்பினார்கள். அது காடாக இருந்து அழிந்த இடம் இல்லை, மரம் தள்ளித் தள்ளி நிற்கும் புல்வெளி என்பதைத்தான் இந்தக் குருவி சொல்கிறது. முதல் பத்தியில் என் பிழையை எழுதினேன். இரண்டாவதில் இதை எழுதினேன். கீழே, மேய்ச்சலால் இந்தப் பறவைக்குக் கேடில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

அனுப்புவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு போய் பேச்சியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை வைத்துத்தானே எழுதினேன், அவளுக்குத் தெரிய வேண்டும். பாறையில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டாள். கடைசி வரி வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அது தப்பு," என்றாள்.

எது என்று கேட்டேன்.

"ஆட்டால கேடில்லைங்கிறது. கூடு கட்டுற நாளையில ஆடு மெறிச்சிரும். ரெண்டு கூடு எங்காலுலயே மிதிபட்டிருக்கு. முட்டை இருந்துச்சு." என் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினாள். "நீ எனக்காவ எழுதியிருக்க. எழுதாத."

அதை எழுதினால் அவர்கள் அதையே பிடித்துக்கொண்டு ஆட்டையும் நிறுத்தச் சொல்வார்கள் என்றேன். சொல்லட்டும் என்றாள். அப்புறம், நீ ஒரு தடவை தப்பா எழுதி நான் படுறது போதாதா என்று கேட்டாள்.

பெரிய பொய்யை வேண்டாம் என்று தள்ளிவிட்டுச் சின்னப் பொய்யை, அதுவும் அன்பு என்று நினைத்து, நான் எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டு, கூடு கட்டும் மாதங்களில் மேல்சரிவில் மேய்ச்சல் கூடாது என்று எழுதினேன்.

தலைவர் அதைப் படித்தார். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டு அனுப்பினார்.

நாலு நாளில் அறக்கட்டளையின் திட்ட அலுவலர் நேரில் வந்தார். எங்கள் தலைவரும் வந்தார். அவர்கள் வந்து சேர்ந்தது பத்து மணிக்கு மேல். ஆடிக் காற்று முழு வேகத்தில் அடித்தது, புல் தரையோடு படுத்துக் கிடந்தது. ஒரு மணி நேரம் நடந்தோம். ஒரு குருவிகூட எழும்பவில்லை.

உங்கள் குருவி எங்கே என்று அலுவலர் கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். நாலு பேர் கைகொட்டி விரட்டினால் எங்கிருந்தாவது ஒன்று எழும்பும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கூட்டில் குஞ்சு இருக்கும் காலம். இந்தக் காற்றில் இன்றைக்குக் காட்ட முடியாது ஐயா, ஆறு மணிக்கு வந்தால் காட்டுகிறேன் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது, கூடவே நடந்து வந்திருந்த பேச்சியம்மாள் தள்ளி நின்று, ஐயா கொஞ்சம் இங்கன வாங்க என்றாள். அவர் போனார். காற்றில் புல் படுத்திருந்ததால் தரை தெரிந்தது. வரிசையாகப் பள்ளங்கள். மண் தூர்ந்து, புல் மூடி, ஆனால் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், மேலே பாறை வரைக்கும்.

இது என்ன என்று அவர் கேட்டார்.

"குழி. முன்னாடி யாரோ வந்து நட்டாக. எம்மூத்தவ வயித்துல இருக்கையில நானும் கூலிக்கு வெட்டுனேன். அவளுக்கு இப்பக் கல்யாணம் ஆகிப்போச்சு. ஒரு கன்னுகூட நிக்கல. இங்க ஒரு முழத்துல பாறை. தண்ணி கீழ ஓடையிலதான் இருக்கு."

அலுவலர் ஒரு பள்ளத்துக்குள் காலை வைத்துப் பார்த்தார். பிறகு வரிசையைப் பிடித்துக்கொண்டு தனியாக மேலே நடந்தார். திரும்பி வந்தபோது வேறு மாதிரிக் கேள்விகள் கேட்டார். எந்த இடம் வரை மண் ஆழம், ஓடையில் எத்தனை மாதம் தண்ணீர் ஓடும் என்று அவளிடமே கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

முடிவு பாதிப் பாதியாக வந்தது. ஓடையை ஒட்டிய கீழ்ச்சரிவில் நட்டார்கள். மேல்சரிவை விட்டுவிட்டார்கள். கூடு கட்டும் மாதங்களில் மேலே ஆடு ஏறக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். கன்று நடும் கூலி வேலை பாதியானதில் ஊரில் பலருக்குக் கோபம். ஆள் கூட்டி வர ஒத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளின் கொழுந்தன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். அந்த மாதங்களில் அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு ரொம்ப தூரம் போக வேண்டியிருந்தது. சில ஆடுகளை விற்றாள். நான் போய் வருத்தம் சொன்னபோது, நடந்தது நடந்துபோச்சு, காலையில வெரசா கிளம்பினா சரியாப்போகும் என்று மட்டும் சொன்னாள்.

அந்த அறக்கட்டளை அடுத்த வருட வேலையை வேறு அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டது. தலைவர் ஒரு வருடம் என்னை அறிக்கை எழுத விடவில்லை. போய் உட்கார், பார், குறிப்பை மட்டும் கொடு என்றார். அது தண்டனை என்று அப்போது நினைத்தேன். நான் வேலை கற்றுக்கொண்டது அந்த ஒரு வருடத்தில்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால் அந்தச் சரிவுக்கு மறுபடி கணக்கெடுக்கப் போனோம். கூட வந்த பெண் உங்களைப் போலப் புதிதாகச் சேர்ந்தவள். மேல்சரிவில் விடிந்ததும் வானம்பாடி கத்தியது, எழுதிக்கொண்டாள். கீழே நட்ட மரங்கள் நன்றாக வளர்ந்திருந்தன. ஓடைத் தண்ணீர் இருக்கிறதல்லவா. நல்ல நிழல், கொண்டலாத்தி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. புல் இல்லை. உள்ளே நுழைந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அவள் படிவத்தில் புதர் வானம்பாடிக்கு நேராக 'இல்லை' என்று எழுதி மூடப்போனாள். புல் இல்லாத இடத்தில் அது எப்படி இருக்கும் என்று கேட்டாள். சரியான கேள்விதான்.

மேலே எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் என்றாள். இங்கேயும் உட்காருவோம் என்றேன். அவளுக்குப் பசி, எனக்கும்தான். எழுதியதை அடிக்கச் சொல்லிவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். வெயில் ஏறும்வரை காது கொடுத்துக் கேட்டோம். செண்பகம் கூவியது. மைனா வந்து போயிற்று. எதிர்பார்த்த மாதிரியே, நாங்கள் தேடிய குரல் வரவில்லை.

நேரம் முடிந்ததும் அவள் படிவத்தைப் பிரித்து, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் 'இல்லை' என்று எழுதினாள். உட்கார்ந்திருந்த நேரத்தையும் எழுதி என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.